தூய்மை எதிலிருந்து?

துடைத்து, உலர்த்தி, தாங்கியில் மாட்டிய பிப்பெட் ஒன்று சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டால், ஆய்வகத்தில் ஆளுக்கொரு பதில் வரும். கிருமி வளர்ப்பவருக்கு அதில் உயிருள்ள நுண்ணுயிர் இருக்கக் கூடாது. மரபணு ஆய்வு செய்பவருக்கு அந்நிய டிஎன்ஏ ஒட்டியிருக்கக் கூடாது. குடிநீரில் ஈயமும் ஆர்சனிக்கும் அளப்பவருக்குக் கழுவிய சோப்பின் மிச்சம்கூடக் குற்றமே. தூய்மை என்பது பொருளிலேயே உறையும் குணமா, எதற்காக, எதிலிருந்து என்று கேட்டால் மட்டுமே பொருள்படுகிற ஒன்றா? சமயங்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் இந்த வினா, திரவம் அளக்கும் கருவிகளைப் பராமரிப்பவர் முன்னால் அன்றாடம் வந்து நிற்கிறது.

ஒருகாலத்தில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சித்தான் திரவம் எடுத்தார்கள். அமிலமும் நோய்க்கிருமியும் வாய்க்குள் போன விபத்துகள் உண்டு. ஜெர்மனியின் மார்பூர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹைன்ரிக் ஷ்னிட்கர் 1957இல் பிஸ்டன் பிப்பெட்டை உருவாக்கினார். இன்று பரவலாகப் புழங்கும் வகையில் பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் நடுவே காற்று இருக்கும். திரவம் தொடுவது, கழற்றி எறியும் பிளாஸ்டிக் முனையை மட்டுமே. ஆனாலும் அழுத்திய விசையைச் சட்டென விட்டாலோ, முனையில் திரவம் இருக்கும்போதே பிப்பெட்டைப் படுக்கவைத்தாலோ துளிகள் உள்ளே ஏறிவிடும். அப்போது கீழ்ப்பகுதியைக் கழற்றி, பிஸ்டனையும் அதைச் சுற்றிய ரப்பர் வளையத்தையும் நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். கிரீஸ் தேவைப்படும் வகை என்றால் பழையதை முழுவதும் எடுத்துவிட்டுப் புதியதை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும்.

எதைக் கொண்டு துடைப்பது என்பதை, உள்ளே போனது எது என்பதே தீர்மானிக்கிறது. உப்புக் கரைசல் என்றால் காய்ச்சி வடித்த நீர் போதும். ஆனால் தாமதிக்கக் கூடாது. காய்ந்த உப்புப் படிகம் வளையத்தைக் கீறிக் கசிவை உண்டாக்கும். இரத்தமோ சீரமோ என்றால் எடுத்த எடுப்பில் ஆல்கஹால் கூடாது. அது புரதத்தை உறையவைத்துப் பரப்பின் மேலேயே ஒட்டவைத்துவிடும். முதலில் சோப்பு நீர், பிறகு வடிநீர், அதன் பின்னரே 70 சதவீத எத்தனால். வரிசை மாறினால், சுத்தம் செய்த செயலே அழுக்கை நிலைக்கவைத்துவிடும்.

கிருமியைக் கொல்வதும் அதன் தடயத்தை நீக்குவதும் வேறு வேறு. அழுத்த நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்தால் நுண்ணுயிர் மடியும். டிஎன்ஏ துண்டுகள் எஞ்சலாம். பிசிஆர் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிப்பதால், கோட்பாட்டளவில் ஒரே மூலக்கூறு 30 சுற்றில் 100 கோடிக்கு மேல் பெருகிவிடும். அதனால் அத்தகைய ஆய்வகங்களில் நீர்த்த பிளீச் கரைசலால் துடைத்து, அது உலோகத்தை அரிப்பதற்குள் நீரால் கழுவிவிடுவார்கள்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறியதன் விலையை ஜெர்மனி கண்டது. 2007இல் ஹைல்புரோன் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் ஏறக்குறைய 40 குற்ற இடங்களில் கிடைத்த ஒரே பெண்ணின் டிஎன்ஏவோடு பொருந்தியது. அந்தப் பெண்ணை ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 2009இல் உண்மை வெளிவந்தது: மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளிலேயே, அவற்றைத் தயாரிக்கும் பணியில் இருந்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ ஒட்டியிருந்தது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதாம். டிஎன்ஏ நீக்கப்பட்டவை அல்ல. உறையில் அச்சிட்டிருந்த சொல் பொய்யில்லை; ஆனால் காவல்துறைக்குத் தேவைப்பட்ட தூய்மை வேறு. தடயவியலுக்கான பொருள்களில் மனித டிஎன்ஏ கலப்பைக் குறைப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 18385 தரநிலை 2016இல் வந்தது.

பழைய சமய நூல்களும் பாத்திரத்தின் தூய்மையைப் பற்றி நுணுக்கமாகவே பேசுகின்றன. பலியின் இறைச்சி வேகவைத்த மண்பாண்டத்தை உடைத்துவிட வேண்டும், செப்புப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவினால் போதும் என்கிறது விவிலியத்தின் லேவியராகமம். மனுதர்ம சாத்திரம் உலோகத்துக்குச் சாம்பலும் நீரும், மண்கலத்துக்கு மறுபடி சுடுதலும் விதிக்கிறது. நுண்துளைகள் உள்ள மண் உறிஞ்சிக்கொள்ளும், உலோகம் உறிஞ்சாது என்பதை மனத்தில் வைத்துப் படித்தால் இந்தப் பாகுபாடு ஆய்வகத்துக்கு அந்நியமாகத் தெரியாது. அங்கேயும் கண்ணாடி பியூரெட் கழுவப்படுகிறது, பிளாஸ்டிக் முனை எறியப்படுகிறது. அழுக்கு என்பது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் பொருளே என்ற கருத்தை மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். சோடியம் குளோரைடு பாட்டிலில் உள்ள உப்பு வேதிப்பொருள். பிஸ்டன் மேல் படிந்தால் அதுவே அழுக்கு.

ஆனால் இந்த ஒற்றுமை ஓர் எல்லையோடு நின்றுவிட வேண்டும். தமிழகக் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இருந்த, எல்லா இடத்திலும் இன்னும் ஒழிந்துவிடாத, சாதி பார்த்துத் தனிக் குவளை தரும் இரட்டைக் குவளை முறையும் தூய்மையின் பெயரால்தான் நடந்தது. கழுவிய குவளையை எந்தச் சோதனைக்கும் உட்படுத்தாமல், குடித்தவரின் பிறப்பை வைத்து அது அசுத்தம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். எந்த நீரும் போக்காத தீட்டு என்றால் அது குவளையில் இல்லை. அதைச் சொன்னவரின் அதிகாரத்தில் இருக்கிறது. பேராசிரியரின் கையுறை தொட்டாலும் துப்புரவுப் பணியாளரின் கையுறை தொட்டாலும் கலப்பு கலப்புதான். இருவர் தொட்டதையும் ஒரே கரைசல் போக்கும். சோதிக்க முடியாத அசுத்தத்தை ஆய்வகம் ஏற்பதில்லை. இந்த இடத்தில் அது பல சமயச் சடங்குகளைவிட அறத்துக்கு நெருங்கி நிற்கிறது.

சோதனைகளும் எளியவையே. கழுவிய கண்ணாடியில் நீரை ஊற்றி வடியவிட்டால், அது உடையாத ஒரே படலமாக இறங்க வேண்டும். துளித்துளியாகத் தங்கினால் எண்ணெய்ப் பசை இருக்கிறது. பிசிஆரில் டிஎன்ஏ சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்டுவார்கள்; அதில் ஏதேனும் பெருகினால் அன்றைய முடிவுகளை நம்ப முடியாது. பிப்பெட்டின் அளவு பிசகவில்லையா என்று பார்க்க, ஐஎஸ்ஓ 8655 தரநிலைப்படி வடிநீரை 10 முறை எடுத்துத் தராசில் நிறுக்கிறார்கள். 1,000 மைக்ரோலிட்டருக்கு அனுமதிக்கப்படும் முறைப்பிழை 8 மைக்ரோலிட்டர்.

இவை எவையும் முழுத் தூய்மையை மெய்ப்பிப்பதில்லை. தேடியது இந்த அளவுக்குமேல் இல்லை என்று மட்டுமே சொல்கின்றன. மிகத் தூய நீருக்கும், அதன் தூய்மையைக் காட்டும் மின்தடைத்திறன் 25 டிகிரியில் 18.2 மெகாஓம் சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது. நீர் தானே அயனிகளாகச் சிறிது பிரிவதால் அதற்கு மேல் ஏறாது. அந்த நீரைத் திறந்து வைத்தால் காற்றின் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு, விரைவில் தரம் இறங்கிவிடும். ஆகவே தூய்மை ஒருமுறை அடைந்து வைத்துக்கொள்ளும் நிலை இல்லை. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை.

ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் சோதிக்க யாராலும் முடியாது. சோதனை எட்டாத இடத்தில் கழுவியவரின் சொல்லை நம்ப வேண்டியிருக்கிறது. புறத்தூய்மைக்கு நீரையும் அகத்தூய்மைக்கு வாய்மையையும் வள்ளுவர் தனித்தனியே சொன்னார். ஆய்வகப் பதிவேட்டில் அவ்விரண்டும் ஒரே வரியில் வந்து சேர்கின்றன. பழுதுபார்க்க அனுப்பும் பிப்பெட்டோடு ஒரு சான்றுத்தாளும் போகும். அதில் இரத்தம், தொற்றுக்கிருமி, கதிரியக்கப் பொருள் இவற்றில் எதற்குப் பயன்பட்டது, எந்தக் கரைசலால் எந்த நாளில் சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கருவியைப் பிரிக்கப்போகும் தொழில்நுட்பர் அந்த ஆய்வகத்தைப் பார்த்திருக்க மாட்டார். அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் அதன் திருகைக் கழற்றுவார்.