பிரதிநிதி இல்லாதவன்

ஏதென்ஸில் அரிஸ்டாட்டில் ஓர் அந்நியர். ஸ்டகிராவில் பிறந்த அவருக்கு ஏதென்ஸின் சபையில் இடமில்லை. தீர்ப்பிலும் ஆட்சியிலும் பங்குகொள்கிறவனே குடிமகன் என்று வரையறுத்தவரும் அவர்தான். தன்னை வெளியே நிறுத்தும் கோட்டைத் தானே கிழித்தார்.

தர்மபுரி மாவட்டத்தில் இந்தக் கோடு அணைக்கட்டுகளின் ஓரமாகப் போகிறது. தும்பலஹள்ளி, வாணியாறு, நாகாவதி என்று அணைகளின் பெயரிலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள். 2021ல் அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' ஆக்கிற்று. பெயர் மாறியதே தவிர வாக்காளர் பட்டியல் மாறவில்லை. சுற்றியுள்ள ஊரின் ஊராட்சியில் அந்நியராக வாழ்கிறவர் வாக்களிக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது.

சட்டத்தின் அச்சம் அர்த்தமற்றதல்ல. வேமுலவாடாவில் பலமுறை சட்டமன்ற உறுப்பினராகத் தேர்வான சென்னமனேனி ரமேஷ் ஜெர்மானியக் குடிமகன் என்று 2024ல் தெலங்கானா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இயற்றுகிறவன் அதன் விளைவைவிட்டுப் புறப்பட்டுப் போய்விட முடியாதவனாக இருக்க வேண்டும். இந்த நியாயத்தை ஏற்கிறேன். ஆனால் இதே நியாயத்தை முகாமுக்குப் பொருத்தினால் என்ன ஆகிறது? இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, தணிக்கை நாளில் ஆஜராக வேண்டியவனைவிட இந்த மண்ணின் விளைவுகளில் கட்டுண்டவன் யார்?

சட்டம் பிறப்பைப் பார்க்கிறது என்றும் சொல்ல முடியாது. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையும் வேண்டும். ஆகவே ஒரே முகாமில் 1986ல் பிறந்த அக்காள் தேர்தலில் நிற்கலாம். 1988ல் பிறந்த தம்பி வாக்களிக்கக்கூட முடியாது. 1917ல் இலங்கையில் பிறந்த எம்.ஜி.ஆர். 1977ல் இங்கே முதலமைச்சரானார். அவருக்குப் பிறந்த மண் தடையாகவில்லை. இந்தத் தம்பிக்குப் பிறந்த மண் துணையாகவில்லை.

இது வெறும் உரிமை இழப்பு அல்ல. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோட்டப் பகுதிகளிலிருந்து 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ன் குடியுரிமைச் சட்டமும் அதையடுத்த வாக்குரிமைத் திருத்தமும் வந்தன. 1952ல் ஒருவரும் இல்லை. 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974ல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். பிரதிநிதி இல்லாதவன் தொகையாகிவிடுகிறான். தொகையை வகுக்கலாம்; அதனிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை.

குடியுரிமைதான் முழுத் தீர்வு. அதற்கிடையே வேறொரு வழியும் உண்டு. ஸ்வீடன் 1976லிருந்து, குறிப்பிட்ட காலம் வசித்த அந்நியர்களை உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கவும் நிற்கவும் அனுமதித்திருக்கிறது. தேசத்தின் விசுவாசம் பற்றிய விவாதம் டெல்லியில் நடக்கட்டும். தெருக்குழாயில் தண்ணீர் வராத விஷயத்தில் விசுவாசத்துக்கு என்ன வேலை? அதைப் பற்றிப் பேசும் தகுதி, குடத்தோடு அங்கே நிற்கிறவருக்கு இருக்கிறது.