மடைவாய்

மாரி எல்லார்க்கும் பொதுவாகப் பெய்வதுபோல இறைவன் அருளும் உயிர்கள் அனைத்திற்கும் பொதுவாயின், ஒருவன் நெஞ்சம் நனைந்து தளிர்ப்பதும் மற்றொருவன் நெஞ்சம் வறண்டு கிடப்பதும் எதனால் என்னும் வினா சமய சிந்தனையில் மிகப் பழையது. வைணவ ஆசாரியருள் வடகலையார், தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைக் காட்டி, வேதாந்த தேசிகர் வியாஜம் என்று குறித்த ஒரு சிறு செயலேனும் ஆன்மாவினிடத்து வேண்டும் என்றனர். தென்கலையாரோ, தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைக் காட்டி, வருகின்ற அருளைத் தடுக்காதிருக்கும் விலக்காமையே அமையும் என்றனர்.

இவ்விரு நியாயங்களையும் சிந்திக்கும்போதெல்லாம், அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரின் வீதியொன்று என் நினைவில் எழுகின்றது. அந்நகரின் பழைய பகுதிகளில் தெருவில் ஓடும் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில் கலந்து செல்வதால், மழை மிகுந்தபோது குழாய் நிரம்பி வழிந்து வில்லாமெட் நதியை மாசுபடுத்தி வந்தது. தெருவில் ஓடும் மழைநீர் குழாய்களில் சேர்வதைக் குறைக்கும் பல முயற்சிகளுள் ஒன்றாக, 2005-ஆம் ஆண்டு, போர்ட்லாந்து அரசுப் பல்கலைக்கழகத்தை அடுத்த பன்னிரண்டாம் அவென்யூவில் நடைபாதையோரம் நான்கு செடிப் பாத்திகளை அமைத்தார்கள். ஏறத்தாழ 8,000 சதுர அடி வீதியில் விழும் நீர், ஓரக்கல்லை ஒட்டி ஓடிவந்து, அக்கல்லில் 12 அங்குல அகலம் வெட்டிய மடைவாய் வழியே முதற் பாத்தியிற் புகுந்து, கோரைகளின் வேர்களூடே மண்ணில் இறங்குகின்றது. மிஞ்சிய நீர் மற்றொரு வாய் வழியே வெளிப்போந்து அடுத்த பாத்தியைச் சேர்கின்றது.

அம்மடைவாய் நீரைப் படைப்பதுமில்லை, இழுப்பதுமில்லை. நீர் தன் இயல்பாலேயே தாழ்விடம் நாடி வருகின்றது. ஆயினும் ஓரக்கல் வெட்டப்படாத வரையில், எத்துணை மழை பெய்தாலும், ஒரு சாண் தொலைவில் நிற்கும் செடிக்கு அவ்வெள்ளத்தில் ஒரு துளியும் எட்டுவதில்லை. கல்லை வெட்டியது வியாஜம். வெட்டிய பின் வாய் திறந்து கிடப்பது விலக்காமை. இரண்டு கலையாரும் ஒரே வாயிலின் இரு புறத்தே நின்று பேசினார்கள் என்றே நான் துணிகின்றேன்.

வாய் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் இத்தகைய பாத்திகளை அமைக்கும் தொழில் அறிந்தோர் அறிவர். சரிந்த வீதியில் விரைந்தோடும் நீர், மட்டமாக வெட்டிய வாயைக் கடந்தே போய்விடுமாதலின், வாயின் தளத்தைத் தெருவினும் சற்றே தாழ்த்தி அமைக்கின்றனர். பணிவில்லாத நெஞ்சின் வாயிலும் தாழ்த்தப்படாத அம்மட்டமான வாய் போன்றதே. வெள்ளத்தோடு வரும் சருகும் வண்டலும் முதலில் வாயிலிலேயே படிந்து அதனை அடைத்துவிடுவதால், அவ்வப்போது அவற்றை வாரி அகற்றவேண்டும். நித்திய அனுஷ்டானம் என்று நம் பெரியோர் வற்புறுத்தியதும் இவ்வாறு தூர் வாருதலையேயன்றி, அருளை விலைகொடுத்து வாங்குதலை அன்று.

முதற் பாத்தி தனக்கு இயன்ற அளவே உட்கொண்டு, எஞ்சியதை வழிமறிக்காமல் அடுத்ததற்கு விடுகின்றது. பெற்றதை அவ்வாறு பிறர்க்கு விடாத நெஞ்சில் அருளும் தேங்கிக் கெடும். ஆதலின் அன்பர்களே, மழை வரவில்லை என்று வானத்தை நோவதற்கு முன், நம் ஓரக்கல்லில் வாய் வெட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்போமாக.