காஞ்சோண்டி மூலை

ஜனவரி மாதத்து ஒரு பின்னேரம். ஈஸ்ட்ஹாமில் எங்கள் வீட்டு முன்னறையில் ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு யன்னல் திரைச்சீலையை இழுத்தேன். மடிப்புக்குள்ளிருந்து கருகிய இலை ஒன்று நிலத்தில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். அந்த இலை இரண்டாகத் திறந்தது. உள்ளே செம்மஞ்சளும் கறுப்பும், ஓரம் முழுவதும் நகக்கண் அளவு நீலப் பிறைகளும். வெளியே மரங்கள் மொட்டையாக நிற்கின்றன, புல்லில் உறைபனி. என் கம்பளத்தின்மேல் ஒரு வண்ணத்துப்பூச்சி.

கமராவை எடுக்கத்தான் முதலில் கை போனது. பத்துப் பதினைந்து படம் எடுத்திருப்பேன். அதற்குள் அது யன்னல் கண்ணாடியில் போய் முட்டத் தொடங்கிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெரியவரிடம் ஓடினேன். எண்பது வயதுக்காரர், தோட்ட வேலையிலேயே காலம் கழித்தவர். அவர் வந்து பார்த்துவிட்டு, அது வீட்டுச் சூட்டால் ஏமாந்து விழித்துவிட்டது என்றார். சில வகைகள் இலையுதிர் காலத்திலேயே வீடுகளுக்குள்ளும் மரப்பொந்துகளுக்குள்ளும் புகுந்து, சிறகை மூடித் தூங்கி, பங்குனி வரை கிடக்குமாம். இப்போது வெளியே விட்டால் செத்துப்போகும். உள்ளே வைத்திருந்தால் உடம்பில் சேர்த்து வைத்ததையெல்லாம் பறந்தே செலவழித்துவிடும். ஒரு மட்டைப் பெட்டியில் அரை மணி நேரம் குளிரில் வைத்து அமைதியாக்கி, பிறகு குளிரான கொட்டிலில் ஒரு சுவரோரம் விட்டுவிடு, வசந்தம் வந்ததும் வெளியே போக ஒரு வழி மட்டும் திறந்து வை என்றார். அப்படியே செய்தேன். பெயரையும் அவர்தான் சொன்னார். ஆங்கிலத்தில் அதன் பெயருக்கு 'சிறிய ஆமை ஓடு' என்று பொருள்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. இந்த நகரத்தில் நான் அப்போது முப்பது வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறும் வரை ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை. விடியமுன் பஸ், இருட்டியபின் பஸ். மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தேன், வீட்டுக் கடனைக் கட்டி முடித்தேன். ஆனால் இங்கே உயிரோடிருக்கும் எதற்கும் எனக்குப் பெயர் தெரியாது. புறா தெரியும், நரி தெரியும், அவ்வளவுதான். அழகு என்று நினைத்தால் மனம் உடனே ஊருக்குத்தான் போகும். மாரி தொடங்கியதும் பூக்கும் கொடிகள், கிணற்றடிச் செவ்வரத்தை. லண்டன் எனக்கு வேலை செய்யும் இடம். முப்பது வருடம் ஒரு இடத்தில் இருந்துவிட்டு, அங்கே இல்லாமலே இருந்திருக்கிறேன் என்று அன்று விளங்கியது.

கமரா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது மகள் வாங்கித் தந்தது. பேரப்பிள்ளைகளைப் படம் எடுக்கத்தான். அந்த வருடம் பங்குனியிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வான்ஸ்டெட் வெளிக்கு நடக்கத் தொடங்கினேன். எங்கள் பக்கத்திலிருந்து பஸ்ஸில் சிறு தூரம். எப்பிங் காட்டின் தென்கோடியில் பரந்து கிடக்கும் புல்வெளி. வானம்பாடிகள் இன்னும் அங்கே நிலத்தில் கூடு கட்டுகின்றன. 1878-இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்திராவிட்டால் அந்த வெளியும் வீடுகளாகியிருக்கும்.

வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுப்பது உடம்பை வளைக்கும் வேலை. காலை வெயில் ஏறும் முன்பே போக வேண்டும். குளிரில் அதனால் உடனே பறக்க முடியாது, சிறகை விரித்துச் சூரியனுக்குக் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருக்கும். அப்போது என் நிழல் அதன்மேல் விழுந்தால் போய்விடும். ஆகவே சூரியன் எந்தப் பக்கம், என் தலை எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் ஒவ்வோர் அடியும் வைக்க வேண்டும். லென்ஸ் சிறகுக்கு நேராக நிற்காவிட்டால் ஒரு சிறகு தெளிவாகவும் மற்றது புகையாகவும் விழும். முழங்கால் நோவோடு புல்லில் படுத்துத்தான் இதையெல்லாம் படித்தேன். முதல் கோடையில் ஆயிரத்துக்கு மேல் எடுத்ததில் பன்னிரண்டு தேறின. அந்தப் பன்னிரண்டில் ஒன்று ஆங்கிலேயர் 'மயில்' என்று பெயர் வைத்திருக்கும் வகை. செங்காவிச் சிறகு நாலிலும் நாலு கண்கள். மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போய்வந்த ஒரு வெள்ளிக்கிழமை, தண்டவாளத்து மதிலில் வளர்ந்திருந்த பட்லியாப் பூவில் அதைக் கண்டேன். மயிலைக் கும்பிட்டுவிட்டு வந்து மயிலைக் கண்டேன் என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன்.

பட்லியா சீனத்திலிருந்து வந்த செடி. போரில் குண்டு விழுந்து இடிந்த லண்டன் கட்டடங்களில் அது காடாய் எழும்பியதாம். இன்றும் புகைபோக்கியிலும் மதில் வெடிப்பிலும் முளைக்கிறது. தேனுக்கு வண்ணத்துப்பூச்சிகள் அதில் மொய்க்கும். பெரியவரிடம் அந்தப் படத்தைக் காட்டியபோது அவர் ரசித்துவிட்டு, "இது விருந்துண்ணும் படம். இவை பிறந்த இடத்தைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். பிறகு நகரசபையிடம் அவர் வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத் துண்டுக்குக் கூட்டிப் போனார். உரக்குவியலுக்குப் பின்னால் இடுப்பளவு நெட்டில் செடி. ஊரில் நாங்கள் காஞ்சோண்டி என்போமே, அதேபோலத் தொட்டால் சுணைக்கும் செடி. இனம் வேறு, குணம் ஒன்று. அதன் நுனிகளில் வெண்மையான வலை. வலைக்குள் கரியைப்போலக் கறுத்த, முள்முள்ளான மயிர்க்கொட்டிகள் நூற்றுக்கணக்கில் நெளிந்தன. எனக்கு வயிற்றைப் பிரட்டியது.

ஊரில் மாரி வந்தால் முருங்கை மரத்தில் மயிர்க்கொட்டி ஏறும். மரத்தண்டே தெரியாத அளவுக்கு அப்பிக் கிடக்கும். அம்மா காய்ந்த தென்னோலையில் சூள் கட்டிக் கொளுத்துவா. அவை பொரிந்து விழும் சத்தத்தையும் மயிர் கருகும் மணத்தையும் நான் இன்னும் மறக்கவில்லை. கறிவேப்பிலையிலும் தேசியிலும் புழு கண்டால் குச்சியால் தட்டி மிதிப்போம். பச்சைப் புழுவைச் சீண்டினால் தலையிலிருந்து சிவப்புக் கொம்பு ஒன்றை நீட்டும், தேசிக்காய் மணம் அடிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே சீண்டிவிட்டுப் பிறகு மிதிப்போம். அதே கோடிப்புறத்தில்தான் கறுப்புச் சிறகில் வெள்ளைப் பொட்டு வைத்த வண்ணத்துப்பூச்சிகளைத் துரத்திக்கொண்டு ஓடுவோம். இரண்டும் ஒரே உயிர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படம் கீறிப் படித்தும் இருந்தேன். படித்தது ஒரு பக்கம், கால் மறுபக்கம். முருங்கையைச் சுட்டது அம்மாவின் பிழையில்லை, மரத்தைக் காக்க வேறு வழி அவவுக்கு இல்லை. நான் மிதித்த தேசிப் புழுக்கள் என் கணக்கு.

பெரியவர் மூன்று தண்டுகளை வெட்டிக் கடதாசியில் சுற்றித் தந்தார். வலைப்பெட்டி ஒன்றைச் சமையலறை யன்னலருகே வைத்தேன். தண்டுகளைச் சிறு போத்தல் தண்ணீரில் நிறுத்தி, வாயைப் பஞ்சால் இறுக அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புழுக்கள் தண்டு வழியே இறங்கி மூழ்கிச் சாகும். தினமும் இளம் இலை. எச்சம் மிளகுத் தூளைப்போலக் கொட்டும், அதை அள்ளாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கடைசிக் கிழமையில் அவை தின்கிற சத்தமே கேட்டது, காய்ந்த கடதாசியை யாரோ மெதுவாகக் கசக்குவதுபோல. நெட்டில் வெட்டப் போய் என் இரண்டு கையும் தடித்துப்போயின. அடுத்த தெருத் தமிழ்ப் பெண் ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, "உதென்ன அக்கா, காஞ்சோண்டி வெட்டி மயிர்க்கொட்டிக்குத் தீத்திறியள்?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல அப்போது என்னிடம் சொல் இருக்கவில்லை.

இருபது கூடுகள் தொங்கின. ஒன்பதில்தான் வண்ணத்துப்பூச்சி வந்தது. மற்றவற்றிலிருந்து மெல்லிய வெண்ணிற இழையில் ஈப்புழு இறங்கியது. ஸ்டூர்மியா பெல்லா என்ற ஈயின் வேலை அது. அந்த ஈ நெட்டில் இலையில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகளை இட்டு வைக்கும். மயிர்க்கொட்டி இலையோடு அதையும் தின்னும். பிறகு உள்ளிருந்தே தின்னப்படும். 1998-இல்தான் இந்த ஈ பிரித்தானியாவில் முதன்முதல் பதிவானது. நான் கொடுத்த இலையில் இருந்ததோ, வருமுன்னே தின்றதோ, தெரியாது. பதினொரு வெற்றுக் கூடுகளை எறிய மனம் வரவில்லை. இன்றும் ஒரு கிண்ணத்தில் வைத்திருக்கிறேன்.

ஒன்பதில் முதலாவது வந்த காலையில் பேரன் வீட்டில் நின்றான், ஆறு வயது. கூட்டின் சுவர் கண்ணாடிபோலாகி உள்ளே செங்காவி நிறம் தெரிந்தது. வெடிப்பு விழுந்தது. நனைந்த துணிபோல ஒன்று வெளியே வந்து தொங்கியது. சிறகு கைக்குட்டை மடிப்பளவுகூட இல்லை. பிறகு அடிவயிற்றிலிருந்து சிவந்த நீர் சொட்டியது. "அம்மம்மா, ரத்தம் வருது!" என்று பிள்ளை அழத் தொடங்கிவிட்டான். அது ரத்தமில்லை, கூட்டுக்குள் கிடந்த காலத்தின் கழிவு என்று சொல்லி மடியில் இருத்தினேன். இருபது நிமிடத்தில் சிறகு நான்கும் நீண்டு விரிந்தன. காய்வதற்கு இன்னும் சில மணி நேரம். அந்த நேரம் முழுவதும் அவன் அசையவில்லை. நானும் கமராவைத் தொடவில்லை.

வீட்டில் அழகை வைத்துக்கொள்வது என்றால் பூச்சாடி, சாமிப் படம், நல்ல சேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எதையும் அதன் முடிந்த கோலத்தில்தான் உள்ளே எடுப்போம். பிள்ளைகளையும் அப்படித்தான் பார்த்தேனோ என்று அந்த நாட்களில் எனக்குள் ஓடியது. மூத்தவன் பதினேழு வயதில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் பேசாமல் ஒரு வருடம் இருந்தான். நான் அந்தக் கதவை ஒவ்வொரு நாளும் தட்டினேன். சோற்றை வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இப்போது அவனுக்கு நாற்பது. போன வருடம் இதை அவனிடம் சொன்னேன். "பரவாயில்லை அம்மா" என்றான்.

இந்த நகரத்தில் புழு வளர்த்தவர்களின் கதை பழையது. 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவர் என்பவர்தான் இந்த நாட்டு வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றுக்கு முதல் ஆங்கிலப் பெயர்களைக் கொடுத்தவர். அவருக்கு மாதிரிகள் அனுப்பியவர்களில் சோமர்செட்டைச் சேர்ந்த எலினோர் கிளான்வில் ஒருவர். வேலியின் கீழ் துணி விரித்து, தடியால் அடித்து, விழும் புழுக்களைப் பொறுக்கி வீட்டில் வளர்த்த பெண். 1709-இல் அவர் இறந்ததும் மகன் உயிலை எதிர்த்து வழக்குப் போட்டார். புழுப் பொறுக்கியது புத்தி பேதலித்ததற்குச் சாட்சியாகச் சொல்லப்பட்டது. உயில் தள்ளுபடியானது. ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு இன்றும் கிளான்வில் என்று பெயர் இருக்கிறது. அதே பெட்டிவருக்குச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை வைத்தியர் சாமுவேல் பிரவுன் சேர்த்த செடிகளும் வந்து சேர்ந்தன. அவற்றோடு அவற்றின் தமிழ்ப் பெயர்களும் வந்தன. பெட்டிவரின் சேகரிப்பை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். இப்போது அது தென் கென்சிங்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முந்நூறு வருடத்துக்கு முன்பே நம்முடைய இலைகளும் அவற்றின் தமிழ்ப் பெயர்களும் இந்த நகரத்துக்கு வந்துவிட்டன என்று அறிந்த நாளில், நான் இங்கே பிந்தி வந்தவள் என்ற எண்ணம் கொஞ்சம் குறைந்தது.

படத்துக்காகச் சிலர் வண்ணத்துப்பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விறைக்கச் செய்து பூவில் இருத்துகிறார்கள். அது படமே இல்லை என்பேன். வளர்ப்பதிலும் ஓர் எல்லை உண்டு. நான் இருபது கூட்டைக் காத்து ஓர் இனத்தைக் காப்பாற்றிவிட முடியாது. 2022-இல் வெளிவந்த அறிக்கையின்படி, 1970-களிலிருந்து இந்த நாட்டின் வண்ணத்துப்பூச்சி வகைகளில் 80 சதவீதம் எண்ணிக்கையிலோ பரவியிருக்கும் இடத்திலோ குறைந்துவிட்டன. 2010-இல் தொடங்கிய பெரு வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கோடையும் ஆயிரக்கணக்கானவர்கள் பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று எண்ணுகிறார்கள். நானும் எண்ணுகிறேன். 2024-இல் ஒரு தடவை எண்ணியதற்குச் சராசரி ஏழு. அதற்கு முந்திய வருடம் பன்னிரண்டு. அந்தக் கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு குறைந்ததில்லை. நடத்தும் அமைப்பு அதை அவசரநிலை என்றே அறிவித்தது. என் கொட்டிலில் கிடந்த அந்தச் சிறிய ஆமையோட்டை அந்தக் கோடையில் நான் ஒன்றுகூடக் காணவில்லை.

ஆகவே இப்போது அதிகம் உள்ளே எடுப்பதில்லை. பேரப்பிள்ளைகள் பார்க்க ஐந்தாறு மட்டும். மற்றவை வெளியிலேயே வளரட்டும் என்று எங்கள் தோட்டத்தில் தெற்கு பார்த்த வேலியோரம், வெயில் நன்றாக விழும் மூலையில், இரண்டு மீற்றர் நீளத்துக்கு நெட்டில் விட்டிருக்கிறேன். பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய தோட்டத் துண்டிலிருந்து கொண்டுவந்த வேர்கள்தான் இவை. போன வருடம் மே மாதக் கடைசியில் மயில் ஒன்று அங்கே வந்து, இலையின் அடியில் முட்டைக் குவியல் ஒன்றை வைத்துவிட்டுப் போனது. ஒரே குவியலில் 400, 500 முட்டை இருக்கும். ஏறக்குறைய எல்லாவற்றையும் குருவியும் குளவியும் ஈயும் தின்றுவிடும். மிஞ்சுகிறவை பறக்கும். அடுத்த தெருத் தமிழ்ப் பெண் இந்த முறை வந்து கேட்டது வேறு கேள்வி: "எனக்கும் ஒரு வேர் தருவியளோ அக்கா?"

உங்கள் வீட்டுப் பின்புறத்திலும் வெயில் படும் ஒரு மூலையில் அந்தச் செடி தானாகவே முளைத்திருக்கும். கையுறை போட்டுக்கொண்டு நீங்கள் அதைப் பிடுங்கப் போகும் நாள் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும். இந்த வருடம் இலையைத் திருப்பி அடியில் ஒருமுறை பாருங்கள். பச்சை முட்டைகள் இருந்தால் ஆடி மாதம் வரை அந்த மூலையை அப்படியே விட்டுவிடுங்கள்.