நோயும் இலாபமும்

நோயாளியின் நலமும், அவனுக்குக் கருவி விற்கும் கம்பனியிற் பணம் இட்டவனின் நலமும் ஒன்றுதானா? ஒன்றே என்பது பங்குச் சந்தையின் வாதம். நல்ல கருவி நோயாளிக்கு மூச்சைத் தருகிறது. பங்குதாரனுக்கு இலாபத்தைத் தருகிறது. இதில் எவருக்குக் கேடு என அது கேட்கிறது. இவ்வாதத்தை எள்ளி ஒதுக்காது, ஆராய்ந்து பார்ப்பதே முறையாகும்.

உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்க்கு, மூக்கின் வழியே அழுத்தமூட்டிய காற்றைச் செலுத்தும் முறையைச் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொலின் சலிவன் 1981இல் உலகுக்கு அறிவித்தார். இதற்கென வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் கருவிகளின் சந்தையிற் பின்னர் முன்னணியில் நின்றவை ரெஸ்மெட், பிலிப்ஸ் என்னும் இரு கம்பனிகள். இவற்றுள் எதன் பங்கு சிறந்தது எனச் சந்தை எதைக்கொண்டு அளக்கிறது? 2024ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் இதற்கு விடை பகர்கின்றன.

பிலிப்ஸ் கருவிகளில் ஓசையைத் தணிக்க வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து, அதன் துகள்கள் நோயாளியின் சுவாசத்திற் கலக்கக்கூடும் என்பதனால், 2021 யூனில் அக்கம்பனி அவற்றை மீளப் பெறலாயிற்று. அவ்வாறு மீளப் பெறவேண்டியிருந்தவை ஏறத்தாழ 55 இலட்சம் கருவிகள். பாதிப்புற்றோம் என வழக்காடிய அமெரிக்கருக்கு 110 கோடி டொலர் வழங்க 2024 ஏப்ரலில் அது இணங்கியது, தவறிழைத்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. செய்தி வெளியான அன்றே அதன் பங்கு விலை காற்பங்குக்கு மேல் உயர்ந்தது. இதனினும் பெருந்தொகையை அஞ்சியிருந்த சந்தை நிம்மதியுற்றது.

அவ்வாண்டு யூனில், உடற்பருமன் உடையோரிடத்து இந்நோயை டிர்செபடைட் என்னும் மருந்து பெரிதும் தணிப்பதாக ஆய்வு முடிவு வெளிவந்தது. நோயாளர் மகிழத்தக்க செய்தி அது. ரெஸ்மெட் பங்கின் விலையோ சரிந்தது.

தீங்குக்குக் கொடுத்த விலை குறைந்ததும் ஏற்றம். நோய் தணியும் என்றதும் இறக்கம்!

பிலிப்ஸைச் சந்தை தண்டிக்கவில்லையா எனக் கேட்பர். 2021க்குப் பின் அதன் பங்கு வீழ்ந்தது உண்மையே. ஆயின் அத்தண்டனை வரவிருக்கும் நட்டத்தை அளந்தது. நோயாளி பட்ட அச்சத்தை அளக்கவில்லை.

பங்கு வாங்கியவன் நோயை உண்டாக்கவில்லையே, அவன் பணமின்றித் தொழிற்சாலை ஏது எனவும் கேட்பர். இதுவும் நியாயமான கேள்வியே. தொழிலாளரின் ஓய்வூதிய நிதிகள்கூடப் பங்குச் சந்தையில் முதலிடப்படுகின்றன. கருவி பூட்டி உறங்கும் முதியவரின் மகனே, தான் அறியாமல், அக்கருவிக் கம்பனியின் பங்காளியாக இருக்கலாம். ஆதலின் தனிமனிதரின் கொடுமை பற்றியதன்று நம் பேச்சு. நல்லவனும் அல்லவனும் ஒரே தராசைத்தான் ஏந்துகின்றனர். அத்தராசில் நோயாளி ஒரு வாடிக்கையாளனாக மட்டுமே நிறுக்கப்படுகிறான்.

கருவி செய்வோருக்கு ஊதியம் வேண்டும். புதியன காண முதலும் வேண்டும். இம்முறையின் தொடக்கமே ஒரு பொதுப் பல்கலைக்கழகத்திற் பிறந்த அறிவு என்பதை நாம் மறத்தல் ஆகாது. அவ்வறிவைப் பெற்ற சமுதாயம், நோயாளி குணமடைவதால் எவரும் நட்டமடையாத ஓர் ஏற்பாட்டையும் ஆக்கவல்லது. அதை ஆக்காது, இலாபத்திடம் கருணையை எதிர்பார்த்து நிற்பது பேதைமை.