மனம் இசையாத நினைப்பு

கோட்டாறு சவேரியார் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தே வயதானவள் நான். சாவான பாவம் ஆவதற்கு மூன்று வேண்டும்: காரியம் பெரியதாக இருக்கணும், தெரிந்து செய்யணும், மனம் இசையணும். இந்த மூன்றாவதை எங்கள் அத்தைக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

நன்மை வாங்குகிற நேரம் பார்த்து, சுரூபத்தைப் பற்றி அசிங்கமான நினைப்பு ஒன்று அவளுக்கு வரும். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாசல் தாண்டுமுன், "சரியாச் சொல்லலியோ மக்கா" என்று திரும்பவும் வரிசையில் போய் நிற்பாள். வீட்டில் கழுவிக் கழுவிக் கைத்தோல் வெடித்திருக்கும். இப்போது அவள் பேத்திக்கும் அதே பாடு. குடும்பச் சாபம் என்கிறார்கள்.

சாபமில்லை. ஓ.சி.டி. என்கிற இந்த நோய் வருவதில் ஏறக்குறையப் பாதிப் பங்கு மரபுக்கு உண்டு என்று இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. 2025-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று 53,660 நோயாளிகளின் மரபணுத் தகவலைப் பார்த்து, நோயோடு தொடர்புள்ள 30 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றும் சிறிதளவே சாய்க்கும். எதுவும் தனியாக நோயைத் தராது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பதும் கிடையாது.

நினைப்பு வந்ததும் அத்தை நடுங்கினாளே, அவள் இசையவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? வாகைப்பதியில் அய்யா வைகுண்டரின் அன்பர்கள் துவைத்தும் குளித்தும் துவையல் தவசு இருந்தார்கள். அது மனம் இசைந்து ஏற்ற தவம். அத்தை கை கழுவியதில் தவமும் இல்லை, பாவமும் இல்லை.

பிறவியிலேயே வந்ததென்றால் நம் கையில் ஒன்றுமில்லையா என்று பேத்தி கேட்கிறாள். உண்டு. நினைப்பு வருவதைத் தடுக்க முடியாது. திரும்பிப் போய் வரிசையில் நிற்காமல் இருக்கப் பழகலாம். அச்சத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் பொறுக்கப் பழக்குவதுதான் இன்றைய சிகிச்சை. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. 1544-ல் இந்தக் கடற்கரையில் நடந்த சவேரியாரின் தோழர் இஞ்ஞாசியார், மன்ரேசாவில் பழைய பாவங்களையே திரும்பத் திரும்பச் சொல்லி, உயிரை விடும் எண்ணம் வரைக்கும் போனவர். இனிப் பழையதைச் சொல்வதில்லை என்று தீர்மானித்த பிறகே மீண்டார்.

சாமிமார்களே, அதே பாவத்தோடு நாலாம் தடவை வருகிறவரிடம் இன்னொரு செபம் சொல்லச் சொல்லாதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். போகத் தயங்கினால், மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைக்கச் சொல்லுங்கள், கட்டணமில்லை.