தாயாக வந்தவன்

ரியாத்தின் பத்தாவில் ஊர் மளிகைச் சாமான் கிடைக்கும்; பிள்ளை பெறப்போகிறவளுக்கு அவள் அம்மா கிடைப்பதுதான் அரிது. வளைகாப்புக்கு ஊருக்குப் போய் அங்கேயே பெற்றுக்கொள்கிறவர்கள் உண்டு. போக முடியாமல் 36 வாரம் கடந்துவிட்டால் பெரும்பாலான விமானங்களில் ஏற்ற மாட்டார்கள். சின்னச் சம்பளக்காரனால் மாமியாருக்கு விசா, டிக்கெட் என்று செலவழிக்கவும் முடியாது. வலி எடுத்துப் பிரசவ அறைக்குள் போனவளுக்குத் துணையாக வாய்ப்பது சி.டி.ஜி. கருவிதான். அவள் வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டுகிறார்கள். ஒன்று கருப்பை இறுகுவதைப் பதியும், மற்றது குழந்தையின் இதயத்துடிப்பை. துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் சரி. அவள் வலி தாளாமல் புரண்டால் பெல்ட் நழுவும், கோடு அறுந்துபோகும். 'அசையாம படும்மா' என்ற அதட்டல் வரும். பிரசவிப்பவளைக் கவனிப்பதும் அவளோடு இருப்பதும் ஒன்றுதானா? மருத்துவத்துக்கு முன்பே சமயங்கள் எதிர்கொண்ட கேள்வி இது.

திருச்சி மலைக்கோட்டைத் தலபுராணத்தில், பூம்புகாரிலிருந்து மகள் ரத்னாவதியின் பிரசவத்துக்குப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். சிவன் நினைத்திருந்தால் வெள்ளத்தை வடித்திருக்கலாம், வலியைப் போக்கியிருக்கலாம். அவர் தாயின் உருவில் வந்து பேறு பார்த்து, உண்மையான தாய் வந்து சேரும்வரை உடனிருந்தார்; தாயுமானவர் ஆனார். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் பேரீச்சையின் அடியில் தனியே வலியில் துடித்து, செத்திருக்கலாமே என்று புலம்பும் மர்யமுக்கு முதலில் வருவது ஆறுதல் சொல்லும் குரல். அதன் பிறகுதான் நீரும் பழமும், அதுவும் மரத்தை அவளே உலுக்கும்படி சொல்லி. 'எல்லாம் விதி, கருவி எதற்கு?' என்பவர்களுக்கு இரண்டு கதைகளிலும் இடமில்லை. கடவுளே மருத்துவச்சி வேலை செய்திருக்கும்போது, முயற்சியை நம்பிக்கைக்கு எதிரியாக்க முடியாது. என் வாதம் கருவிக்கு எதிரானதல்ல. துணையின் இடத்தில் அதை வைப்பதற்கு எதிரானது.

ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. 2017இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று, 37,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. குழந்தையின் இதயத்துடிப்பை அவ்வப்போது காதால் கேட்பதைவிட இடைவிடாத சி.டி.ஜி. கண்காணிப்பில் பிறந்த குழந்தைகளுக்கு வலிப்பு வருவது பாதியாகக் குறைந்தது. அது சின்ன லாபமல்ல. ஆனால் சிசு மரணமோ மூளை முடக்குவாதமோ குறையவில்லை, சிசேரியன் கூடியது. அதே ஆண்டின் இன்னொரு தொகுப்பாய்வு, பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருந்து ஆதரவு தருவதை ஆராய்ந்தது. அங்கே சிசேரியன் குறைந்தது, பிரசவ நேரமும் குறைந்தது. இடைவிடாத கருவியும் இடைவிடாத மனிதரும் எதிரெதிர் திசையில் இழுக்கிறார்கள். ஆரோக்கியமான தாய்க்குத் தொடர் சி.டி.ஜி. வேண்டாம், அவள் விரும்பும் துணை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. ரத்த அழுத்தம் ஏறியவளுக்கும் குழந்தையின் வளர்ச்சி குன்றியவளுக்கும் கருவி அவசியம், அதில் பேரம் இல்லை. 'ஒரு நர்ஸுக்கு ஆறு கட்டில் என்றால் மெஷின்தானே பார்க்க வேண்டும்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் துணைக்கு வருபவள் நர்ஸாக இருக்க வேண்டியதில்லை. முதுகை நீவிவிடவும் தண்ணீர் கொடுக்கவும் கையைப் பிடித்துக்கொள்ளவும் பட்டம் வேண்டாம். பக்கத்து ஃப்ளாட்டில் பிள்ளை பெற்ற ஒருத்தி போதும். மற்ற பெண்களின் மறைவு கெடும் என்பது கடைசி ஆட்சேபம். வருபவளும் பெண்தான்; கட்டிலைச் சுற்றி ஒரு திரை போட்டால் தீர்ந்துவிடும்.