உழைப்பு என்னும் வேடம்

காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் வழியாகச் செய்யாற்றைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921-இல், ஊர்ச்சபையின் ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று வரையறுத்தது. பதவிக்காலம் ஓராண்டு. கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைத் தேர்வுக்கு நிற்க முடியாது. எந்த வேலைக்கு எத்தனை பேர் என்பது ஊரறிந்த செய்தியாக இருந்தது.

ராணுவத் தலைமையகங்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். தேவைக்கு மேல் ஆள் வைத்து, அவர்களுக்காகவே வேலையை உண்டாக்குவது நிர்வாகக் குறை மட்டும்தானா, அறப்பிழையா?

பிரிட்டிஷ் கடற்படையிடம் 1914-இல் பெரும் போர்க்கப்பல்கள் 62 இருந்தன, 1928-இல் 20. அதே காலத்தில் அதன் தலைமை அலுவலக அதிகாரிகள் 2,000-இலிருந்து 3,569 ஆனார்கள். 1955-இல் இதை எடுத்துக்காட்டியவர், அப்போது சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பார்க்கின்சன். இந்தியாவும் இதற்கு விலக்கல்ல. ராணுவச் சீரமைப்புக்கான ஷேகட்கர் குழுவின் பரிந்துரைகளை ஏற்று, ஏறத்தாழ 57,000 பேரை வேறு பணிகளுக்கு மாற்றும் முடிவை அரசு 2017-இல் அறிவித்தது. தரைப்படைத் தலைமையகத்திலிருந்து 206 அதிகாரிகளைக் களப்பிரிவுகளுக்கு அனுப்ப 2019-இல் ஒப்புதல் கிடைத்தது.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. போர் நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. வந்தபின் ஆள் தேடினால் நாடு தாங்காது. அமைதிக்காலத்தில் சிலர் கூடுதலாக இருந்தே ஆகவேண்டும். ஆனால் கூடுதலாக இருப்பவர் பயிற்சி பெறலாம், படிக்கலாம், ஓய்வெடுக்கலாம். அதில் ஒளிவுமறைவு இல்லை. சும்மா இருப்பது தெரியக்கூடாது என்று அவர் அறிக்கை கேட்கத் தொடங்கும்போதுதான் பிழை பிறக்கிறது. ஒரு கடிதம் பத்துப் பிரிவுகளுக்குப் போகிறது. பத்துப் பதில்களைத் தொகுக்க இன்னொருவர் தேவைப்படுகிறார். எல்லையில் இருக்கும் அதிகாரி ஜவான்களோடு கழிக்க வேண்டிய நேரத்தைப் படிவங்களுக்குக் கொடுக்கிறார். வீணாவது வரிப்பணம் மட்டுமன்று, வீரனைக் காக்கவேண்டிய கவனமும்தான்.

பழியைக் கீழே இருப்பவர்மேல் போடமுடியாது. உத்தரவுக்குக் கட்டுப்படுவது பட்டாளத்தில் கடமை. 'இந்த அறிக்கை எதற்கு?' என்று ஹவில்தார் கேட்டுவிட முடியாது. கேட்கவும் நிறுத்தவும் அதிகாரம் உள்ளவர் மேலதிகாரி. ஆனால் தமக்குக் கீழே எத்தனை பேர் என்பதை வைத்தே அவருடைய மதிப்பும் கணக்கிடப்படுகிறது. ஆட்களைக் குறைப்பதால் அவருக்கு லாபமில்லை. லாபமில்லாதபோதும் குறைப்பதுதான் அறம்.

உயிரைப் பணயம் வைக்கச் சொல்லும் அமைப்பு, தன்னிடம் உள்ளவர்களின் வாழ்நாளை வெற்றுத்தாளில் கரைக்க உரிமை பெற்றதல்ல. தேவையற்ற வேலையைத் தேவையானதாகக் காட்டுவது பொய். சீருடை உடுத்தினாலும் பொய் பொய்தான்.